பெயருக்கு இட்ட வேலி

மின்கிட்டாரின் கம்பியை மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் மெல்லிய கிணுக்கம் ஒன்று எழும். அந்தக் கிணுக்கத்தை அரங்கம் முழுக்க நிறைப்பது, வடம் வழியாக அதனோடு இணைத்த பெட்டி. அந்தப் பெட்டியைக் கடைவீதி ஆம்ப்ளிஃபயர் என்கிறது. இசைக்குழுப் பிள்ளைகள் சுருக்கி ஆம்ப் என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் பெருக்கி என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் விரியலாக்கி என்கிறது. சொல்லை நேசிக்கும் எவரும் கடைசி இரண்டுக்கும் நடுவே சற்று நின்று போவார். பெருகுதல் அளவைப் பற்றியது: ஆறு பெருகும், கடன் பெருகும். விரிதல் இடத்தைப் பற்றியது: பூ விரியும், வானம் விரியும். ஆங்கிலச் சொல்லின் அடியில் கிடப்பது ஆம்ப்ளுஸ் என்னும் இலத்தீன் சொல். அகன்றது, இடம் நிறைந்தது என்பது அதன் பொருள். ஆகவே வேர்வழி பார்த்தால் விரியலாக்கியே மூலச்சொல்லுக்கு அணுக்கமானது. அந்தச் சொல்லை ஆக்கியவர்களின் செவிக்கும் நூலறிவுக்கும் என் வணக்கம்.

அகலம், பரப்பு, விரிவு என்னும் இந்தப் பொருள்வட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரும் அதன் ஆம்ப்பும் செய்யும் தொழிலில் பெயரிட்டவர்கள் மீண்டும் மீண்டும் இதற்குள்ளேயே வந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களின் மேல் எழுந்த உரிமைப் பூசல்களோ, பரந்து கிடப்பதைச் சுற்றி வேலியிடும் முயற்சிகள்.

வேலி ஏன் பெயருக்கு மட்டும் என்று கேட்கலாம். 1962ஆம் ஆண்டு, இலண்டனின் ஹான்வெல் பகுதியில் முரசுக் கலைஞர் ஜிம் மார்ஷல் நடத்திவந்த இசைக்கருவிக் கடையில், கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து ஒரு கிட்டார் ஆம்ப்பை உருவாக்கினார்கள். அதற்கு அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் செய்த பாஸ்மேன் என்னும் ஆம்ப். மின்சுற்று ஏறக்குறைய அதுவே. வால்வு, மின்மாற்றி, ஸ்பீக்கர் ஆகியவை இங்கிலாந்தில் கிடைத்தவையாக மாறின, அந்த மாற்றத்தால் ஒலியும் மாறியது. பாஸ்மேன் சுற்றைத் தழுவியதற்காக மார்ஷலின் பெட்டி கடையிலிருந்து இறங்கவில்லை. இரண்டும் அருகருகே விலைபோயின. இந்தத் தொழிலில் சுற்று ஊர்ப்பொது. யாருடையது என்று அறிவிப்பது பெட்டியின் முகப்பில் பொறித்த பெயர் ஒன்றுதான். எனவே இங்கே பெயரின் வரலாற்றைத் தேடுவது உடைமையின் வரலாற்றைத் தேடுவதாகவே முடிகிறது.

அந்தப் பெயர்களில் மூத்ததும், சொல்லாராய்ச்சிக்கு மிகச் சுவையானதும் ஃபெண்டர் வீட்டில் பிறந்தது. லியோ ஃபெண்டர் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். ஆம்ப் செய்வதில் தொடங்கிக் கிட்டார் செய்வதற்கு வந்தவர். 1950இல் அவர் பட்டறையிலிருந்து வந்த, இரண்டு பிக்கப் பொருத்திய, கெட்டி மரப்பலகை உடல் கொண்ட மின்கிட்டாருக்குப் பிராட்காஸ்டர் என்று பெயர். வானொலிக்காரர் வீட்டுப் பெயர் அது. ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் வானொலி நிலையம் அன்று, வயல்.

பிராட் என்பது அகலம். காஸ்ட் என்பது எறிதல், வீசுதல். பின்னது வடநாட்டுக் கடலோடிகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வினை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில உழவர்களுக்கு இந்தக் கூட்டுச்சொல் விதைப்பு முறை ஒன்றின் பெயராக இருந்தது: வரிசை பிடித்து ஊன்றாமல், கைநிறைய விதையை அள்ளி, நடந்துகொண்டே வயலெங்கும் அகல வீசுவது. நம் உழவர் விதை தெளித்தல் என்பது இதையே. 1920களில் வானொலி வந்தபோது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லும் தந்திச் செய்தி போலன்றி, யார் கேட்பார் என்று பாராமல் எத்திசையும் ஒலியை எறியும் புதுத் தொழிலுக்குப் பெயர் தேவைப்பட்டது; விதைப்பவனின் சொல் அங்கே ஏறி உட்கார்ந்தது.

இங்கே நம் மொழி செய்ததைப் பாருங்கள். இச்சொல்லுக்கு ஈடாக ஒலிபரப்பு என்றோம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் நீண்ட பெயர் இக்கரையிலும் எத்தனை வீடுகளில் நாள்தோறும் ஒலித்தது என்பதை ஒரு தலைமுறையே சொல்லும். பர என்னும் அடியிலிருந்து பரவு, பரப்பு, கடலைக் குறிக்கும் பரவை எல்லாம் கிளைக்கின்றன. அதே அடியில் இன்னொரு சொல்லும் உண்டு: பரம்பு. உழுது நீர் பாய்ச்சிய நெல்வயலில், விதைக்கும் முன் சேற்றைச் சமன்செய்யக் காளை பூட்டி இழுக்கும் பலகை அது. பரம்படித்தல் என்பது அந்த வேலை. ஒலிபரப்பு என்று சொல்லாக்கியவர் ஆங்கிலச் சொல்லின் உழவு மூலத்தை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, அவர் கை எடுத்த வேர் வயலுக்குள்தான் ஓடுகிறது. இரு மொழிகள் ஒன்றையொன்று பாராமலே ஒரே வரப்பில் வந்து சந்திக்கும் இத்தகைய இடங்கள், சொல்லின் பின்னே போகிறவருக்குக் கிடைக்கும் பெரும்பேறு.

ஈற்றையும் விடக்கூடாது. ஆங்கிலத்தின் அர் என்னும் ஈறு செய்பவரையும் செய்யும் கருவியையும் ஒன்றாகவே சுட்டும். பிராட்காஸ்டர் என்றால் வானொலியில் பேசும் மனிதரும் ஆவார், ஒலிபரப்பும் நிலையமும் ஆகும். நமக்குத் திணை குறுக்கே நிற்கிறது: ஆள் என்றால் பரப்புநர், கருவி என்றால் பரப்பி. மரத்தால் ஆன ஒரு கிட்டாருக்கு மனிதனின் தொழிற்பெயரைச் சூட்டி, அது தானே நின்று ஊருக்கெல்லாம் ஒலியை வீசும் என்று சொல்வது அந்த ஈற்றின் இருதிணைத் தன்மையால்தான் அவர்களுக்கு அவ்வளவு எளிதாயிற்று. அஃறிணை அறிவிப்பாளன் ஒருவன்!

பெயர் பொருந்தியது. ஆனால் புரூக்ளினில் அதே பெயர் முன்பே இருந்தது. 1883இல் அங்கே தொடங்கிய கிரெட்ச் நிறுவனம், வானொலி புதுமையாக இருந்த காலம் முதலே தன் இசைக்கருவிகளுக்குப் பிராட்காஸ்டர் என்று பெயரிட்டு விற்றுவந்தது. பாஞ்சோவும் முரசும் அப்பெயரைத் தாங்கின. ஒரே ஒரு வேறுபாடு: ஃபெண்டர் சி என்னும் எழுத்தால் எழுதியதைக் கிரெட்ச் கே என்னும் எழுத்தால் எழுதியது.

அந்தக் கே வெறும் எழுத்துப்பிழை அன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க வணிகர்களுக்கு அந்த எழுத்தின் மேல் ஒரு மோகம் இருந்தது. அதற்கு முன்பே 1888இல் கோடக் என்னும் பெயரை ஜார்ஜ் ஈஸ்ட்மன் எதிலிருந்தும் எடுக்காமல் ஒலியைக் கொண்டே படைத்தபோது, கே அவருக்குப் பிடித்த எழுத்தாகவும் வலுவுள்ள எழுத்தாகவும் இருந்தது. வலிமையைச் செவியால் அளக்கும் வேலையை நம் இலக்கணம் எப்போதோ செய்து, க் என்பதை வல்லினத்தின் முதலில் வைத்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்குப் பொதுவான சொல்லை ஒருவர் தமக்கே உரியதென்று பதிவு செய்வது கடினம்; அதில் ஓரெழுத்தைத் திருத்திவிட்டால் கண்ணுக்கு அது புதுச்சொல். ஆங்கில எழுத்துமுறையில் ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று எழுத்து இருப்பதால் இது இயலும்.

தமிழில் எழுதுங்கள், அந்த வேறுபாடு நின்ற இடம் தெரியாது. கிரெட்சுடையதும் பிராட்காஸ்டர், ஃபெண்டருடையதும் பிராட்காஸ்டர். நமக்கு இருப்பது ஒரே ககரம். பூசல் முழுவதும் நம் எழுத்தில் ஒரு வரியில் தீர்ந்துபோகிறது, அதுவும் கிரெட்சின் பக்கமாக. ஏனென்றால் வணிகக்குறிச் சட்டமும் இங்கே தமிழ் எழுத்தைப் போலவே நடக்கிறது: கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்பதில்லை, காதாலும் கேட்கிறது. கடைக்கு வருகிறவர் பெயரை எழுதிக்காட்டி வாங்குவதில்லை, வாயால் சொல்லி வாங்குகிறார். சொல்லும்போது ஒன்றாக ஒலித்தால், பொருளும் ஒரே வகைப் பொருளானால், வாங்குபவர் மயங்குவார். முரசும் கிட்டாரும் ஒரே கடையில் இருப்பவை.

காதே நடுவர் என்னும் இந்த விதிக்கு நம் நாட்டில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு; வேறு பண்டத்தைப் பற்றியதானாலும் சொல்லாய்வாளருக்கு அது ஒரு புதையல். சென்னையின் ஸ்ரீ அம்பாள் மூக்குப்பொடிக்காரர்கள், ஸ்ரீ ஆண்டாள் என்ற பெயரில் இன்னொருவர் பொடிக்குக் குறி பதிவதை எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969இல் அம்பாள் தரப்புக்குச் சார்பாக முடிந்தது. நமக்கு இது முதலில் வியப்பாகவே இருக்கும். ஒன்று தாயைக் குறித்துத் தேவிக்கு ஆன பெயர். மற்றது ஆள் என்னும் பகுதி இறந்தகாலம் பெற்று, பெண்பால் விகுதி ஏற்று, வினையாலணையும் பெயராய் நிற்பது. ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில். ஒன்றில் இதழ் குவிந்து மகரமும் பகரமும் உரசுகின்றன, மற்றதில் நா மேலண்ணம் தொட்டு ணகரமும் டகரமும். வில்லிபுத்தூர்ப் பெண்ணை அம்பாளோடு எவர் குழப்புவார்? ஆனால் பொடி வாங்குகிறவர் எல்லாரும் அந்த வேறுபாடு அறிந்த தென்னாட்டு இந்துக்கள் அல்லர் என்பது நீதிமன்றம் கண்ட உண்மை. பொருள் தெரியாத காதுக்கு இரண்டும் இன மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் நடுவே கொண்டு, ஆள் என்று முடியும் ஈரசை. உரோமன் எழுத்தில் வைத்தால் நெடிலும் குறிலும்கூட ஒன்றாகிவிடும். கலிஃபோர்னியாவின் சியும் புரூக்ளினின் கேயும் நம் எழுத்தில் கரைவதைப் போல, நம் அகரமும் ஆகாரமும் அவர்கள் எழுத்தில் கரைகின்றன. ஓர் எழுத்துமுறை காக்கும் வேறுபாட்டை இன்னொன்று காப்பதில்லை. ஆகவே காதை நம்புவதே நீதி என்று நானும் ஒப்புகிறேன்.

ஃபெண்டர் தரப்பு நீதிமன்றம் வரை போகவில்லை. 1951 பிப்ரவரியில் கிரெட்சிடமிருந்து தந்தி வந்தது: அந்தப் பெயர் எங்கள் வணிகக்குறியை மீறுகிறது என்று. லியோவின் கிட்டார்களை விற்றுக்கொடுத்த நிறுவனத்தில் இருந்த டான் ராண்டால், பெயர்களைப் படைப்பதில் கைதேர்ந்தவர், வாதாடாமல் பழைய பெயரைக் கைவிட்டுப் புதுப்பெயர் தேடத் தொடங்கினார். பெயர் கிடைக்கப் பல நாள் ஆகவில்லை. ஆனால் ஒட்டுப்படம் அச்சாகி வர மாதங்கள் ஆகும். கிட்டார்களோ பட்டறையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

இந்த இடத்தை அருகே போய்ப் பார்க்க வேண்டும். கிட்டாரின் தலைப்பகுதியில், கம்பி முறுக்கும் ஆணிகளுக்குப் பக்கத்தில், வழவழப்பான மரத்தின் மேல் ஒட்டும் சிறு படத்தாள் அது. முதலில் ஃபெண்டர் என்னும் நிறுவனப் பெயர், அடுத்து பிராட்காஸ்டர் என்னும் கருவிப் பெயர், இரண்டும் ஒரே தாளில். பட்டறைக்காரர்கள் கத்தரிக்கோலை எடுத்துப் பின்பாதியை நறுக்கிவிட்டு முன்பாதியை மட்டும் ஒட்டினார்கள். இப்படிக் கருவிப் பெயரே இல்லாமல் ஃபெண்டர் என்று மட்டும் நெற்றியில் எழுதிய கிட்டார்கள் 1951இல் சில மாதம் கடைகளுக்குப் போயின. பின்னாளில் பழங்கருவி சேர்ப்பவர்கள் அவற்றுக்கு ஒரு பெயரிட்டார்கள்: நோகாஸ்டர்.

சொல்லாக்கத்தில் இது அரிய பிறவி. நோ என்பது எதிர்மறை. வெட்டியெறிந்த பெயரிலிருந்து காஸ்டர் என்னும் வால் மட்டும் நினைவில் ஒட்டிக்கொண்டு, அதன் தலையில் இல்லை என்னும் சொல் ஏறியிருக்கிறது. பெயர் இன்மையே பெயராயிற்று. நம் மரபில் அநாமதேயம், பெயரிலி என்பவை பெயரற்றவரைச் சுட்டும் பொதுச்சொற்களாகவே நின்றுவிட்டன. இது ஒரு குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட சில மாதங்களுக்கு மட்டும் உரிய தனிப்பெயர். அந்தப் பெயரையும் ஃபெண்டர் பிற்பாடு தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. பறிகொடுத்த பெயரின் வெற்றிடத்தைச் சுற்றியும் வேலி எழும்பிவிட்டது.

ராண்டால் கண்டெடுத்த புதுப்பெயர் டெலிகாஸ்டர். டெலி என்பது தொலைவைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டு. நாம் தொலை என்று பெயர்த்துத் தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஆக்கினோமே, அதுவே. அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்துகொண்டிருந்த ஆண்டு அது. வானொலியின் பெயர் தடுக்கப்பட்டதால் கிட்டார் ஒரு படி முன்னேறித் தொலைக்காட்சியின் பெயரை ஏற்றது. அகல வீசியது போய், தொலைவுக்கு வீசுவது வந்தது. தொழில் ஒன்றே, திசை மட்டும் மாறியது. முன்பெயரைவிட இதுவே செவிக்கு இனிது என்பது என் எண்ணம்: பிராட் என்று மூடிக்கொள்ளும் ஓரசையைக் காட்டிலும், டெலி என்று திறந்து காஸ்டர் என்னும் வல்லொலியில் இறங்கும் நடை கருவியின் பளீரென்ற ஒலிக்கும் பொருந்துகிறது. தடை வந்திராவிட்டால் இந்த அழகு கிடைத்திருக்காது.

1954இல் அடுத்த கிட்டார் வந்தபோது இந்த வால் குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது: ஸ்ட்ராட்டோகாஸ்டர். வானவெளியைக் கனாக் கண்ட காலம். வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்ஃபியரின் பெயரை நினைவூட்டியது அது. அடுக்கு என்று பொருள்படும் ஸ்ட்ராட்டும் என்னும் இலத்தீன் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், பரப்பப்பட்டது, விரிக்கப்பட்டது என்பதே அதன் மூலப்பொருள்; கல் பரப்பிய பாதையிலிருந்து ஆங்கிலத்துக்குத் தெரு என்னும் பொருளில் ஸ்ட்ரீட் வந்ததும் அதே வேரில்தான். கிரெட்சுக்கு அஞ்சி விட்ட பரப்பு என்னும் பொருள், மூன்றே ஆண்டில், வேறு மொழியின் உடையணிந்து, யாரும் உரிமை கேட்க இயலாத ஒலியோடு, வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. வணிகக்குறிச் சட்டம் ஒலியைத் தடுக்கும், பொருளைத் தடுப்பதில்லை.

வாலின் கதை இன்னும் நீள்கிறது. வெவ்வேறு இடத்து உதிரிகளைச் சேர்த்துச் சொந்தமாகக் கோத்த கிட்டாரை இன்று பார்ட்ஸ்காஸ்டர் என்கிறார்கள் வாசிப்பவர்கள். எறிதல் என்னும் பழம்பொருள் அங்கே துளியும் இல்லை. காஸ்டர் என்பது ஃபெண்டர் வடிவம் என்று மட்டும் பொருள்தரும் ஈறாகத் தேய்ந்துவிட்டது. வடிவத்துக்கோ வேலி கிடைக்கவில்லை. அந்தக் கிட்டார்களின் உடல்வடிவங்களைக் குறியாகப் பதிய ஃபெண்டர் கேட்டபோது, அவை ஊர்ப்பொது ஆகிவிட்டன என்று 2009இல் அமெரிக்க வணிகக்குறி வழக்கு மேல்முறையீட்டு வாரியம் மறுத்தது. ஆகவே எவரும் அந்த வடிவில் செய்யலாம், அந்தப் பெயரில் விற்கலாகாது. அதன் விளைவைக் கிட்டார்க் கடைகளின் விலைப்பட்டியலில் காணலாம்: எஸ் டைப், டி டைப் என்று முதலெழுத்தை மட்டும் சொல்லி எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். இடக்கரடக்கல் போல, சொல்லக்கூடாத பெயரைச் சொல்லாமல் சுட்டும் ஒரு வழக்கு அங்கே உருவாகிவிட்டது.

கிரெட்ச் கிட்டார்களின் உற்பத்தியும் விற்பனையும் 2002இல் ஓர் உடன்பாட்டால் ஃபெண்டரின் பொறுப்புக்கு வந்தன. 2020இல் ஃபெண்டர் எழுபதாம் ஆண்டு நினைவாக ஒரு கிட்டாரை வெளியிட்டது. அதன் நெற்றியில் பிராட்காஸ்டர் என்று சி எழுத்தோடு நறுக்காமல் ஒட்டியிருந்தது.

இனி இலண்டனுக்குத் திரும்புவோம். மார்ஷல் என்பதும் ஆராயத்தக்க பெயர். பழைய ஜெர்மானிய மொழிகளில் குதிரைக்கு ஒரு சொல், ஏவலனுக்கு ஒரு சொல், இரண்டும் சேர்ந்து குதிரை ஏவலன். பிரெஞ்சு வழியே ஆங்கிலம் வந்து, இலாயத்திலிருந்து மெல்ல மேலேறி, படைத்தளபதியின் பட்டம் வரை உயர்ந்துவிட்ட சொல் அது. ஜிம்முக்கு அது பிறப்பால் வந்த குடும்பப் பெயர். ஆயினும் தம் பெயரையே தாம் விரும்பியபடி விற்க இயலாத நிலை அவருக்கு வந்தது. 1965இல் ரோஸ் மாரிஸ் என்னும் நிறுவனத்தோடு பதினைந்து ஆண்டு விநியோக ஒப்பந்தம் செய்தார். மார்ஷல் என்னும் பெயர் தாங்கிய ஆம்ப்கள் அவர்கள் வழியாகவே போக வேண்டும். அதுவரை அவற்றை விற்றுவந்த பர்மிங்காம் நண்பர் ஜானி ஜோன்சுக்கு அதனால் வழி அடைபட்டது. மார்ஷல் ஒரு வழி கண்டார்: அதே பட்டறையில், ஏறக்குறைய அதே பெட்டி, வேறு பெயரில். ஜோன்சின் மனைவியுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் பார்க். ஆம்ப்பின் பெயரும் பார்க் ஆயிற்று.

பார்க் என்றால் நமக்குப் பூங்கா. மூலத்தில் அது வேலி சூழ்ந்த நிலம், வேட்டை விலங்குகளை அடைத்துவைத்த வளைவு. ஒப்பந்தத்தின் வேலியைக் கடந்துபோக வேலி என்னும் பொருளுள்ள பெயரே கிடைத்தது தற்செயல்தான், யாரும் திட்டமிட்டதன்று. ஆனாலும் அந்தத் தற்செயலில் எனக்கு உள்ள மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன்.

அதே பட்டறையில் நார்ப் என்றொரு பெயரும் சிறிது காலம் இருந்தது. கென் பிரானின் குடும்பப் பெயரை உரோமன் எழுத்தில் கடைசியிலிருந்து படித்தால் நார்ப் வரும். நம் எழுத்தில் இது நடவாது. பிரான் என்பதைத் திருப்பினால் மெய்யில் தொடங்கி வாயில் நுழையாது. நம்முடைய மாலைமாற்று உயிர்மெய்யை உடைக்காமல் எழுத்தெழுத்தாகத் திரும்புவது, விகடகவி என்று குழந்தைகள் சொல்லி மகிழ்வதும் அவ்வாறே. அவர்களுடையது ஒலியணுவைத் திருப்புவது. 1980களின் தொடக்கத்தில் ஒப்பந்தம் முடிந்து தம் பெயர் தம் கைக்குத் திரும்பியபோது ஜிம் செய்தது குறிப்பிடத்தக்கது: முன்பு ஜிம், டெரி என்னும் தந்தை மகன் இருவரின் முதலெழுத்தைக் கொண்டு ஜேடிஎம் என்று பெயரிட்டவர், 1981இல் ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ஷல் என்னும் முழுப்பெயரின் முதலெழுத்துகளையும் தம் மகிழுந்தின் பதிவெண்ணையும் சேர்த்து ஜேசிஎம் 800 என்று புது வரிசைக்குப் பெயர்வைத்தார். பதினைந்து ஆண்டு அடகில் இருந்து மீண்ட பெயரை எவ்வளவு முழுமையாக எழுத இயலுமோ அவ்வளவு எழுதினார்.

இந்தத் தொழிலின் வேறு இரு பெயர்களைத் தமிழர் தம் உறவினரைப் போல வரவேற்கலாம். டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் நிறுவிய வாக்ஸ், இலத்தீனில் குரல் என்று பொருள். வடமொழியின் வாக்கும் அதுவும் ஒரே பழங்குடும்பத்துச் சொற்கள், வாக்கு என்று அதை நாம் என்றோ வாங்கிக்கொண்டோம். அந்தப் பெயர் செய்தவர் கையை விட்டுப் பல கைகள் மாறி 1992 முதல் ஜப்பானின் கார்க் நிறுவனத்திடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மேசா பூகியில் உள்ள மேசா, ஸ்பானிய மொழியில் மேசை. போர்த்துகீசிய மாலுமிகள் நம் கரையில் இறக்கிவிட்டுப் போன மேசை என்னும் சொல்லும் அதுவேதான்.

கடைசியாக, சொல்லே இல்லாத ஒரு பெயர். கலிஃபோர்னியாவின் நலவாழ்வுச் சட்டத்தில் 5150 என்று ஒரு பிரிவு உண்டு: மனநிலை பிறழ்ந்து தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் உள்ளவரை 72 மணி நேரம் அவர் விருப்பமின்றியே மருத்துவக் காவலில் வைக்க அது இடம் தருகிறது. காவலர் பேச்சில் அந்த எண் அத்தகைய ஆளுக்கே பெயராயிற்று. பேச்சிலிருந்து பொதுவழக்குக்கு வந்தது. இது நமக்குப் புரியாததன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு ஏமாற்றுக்குத் தண்டனை சொன்னது. நம் தெருக்களில் ஃபோர் ட்வென்டி என்றால் ஏமாற்றுக்காரன். 2024 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏமாற்று 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. சொல் மட்டும் இடம் பெயரவில்லை. சட்டத்தில் இறந்த எண் வாய்மொழியில் பெயர்ச்சொல்லாய் வாழ்கிறது. எண்ணும் எழுத்தும் கண் என்று இரண்டையும் இணைத்து வைத்த மொழிக்கு, எண் எழுத்தாக மாறும் இந்த இடம் இயல்பான இடந்தான்.

கிட்டார் மேதை எடி வான் ஹாலன் 1980களில் தம் வீட்டில் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 5150 என்று பெயரிட்டார். 1986இல் அவர் குழுவின் இசைத்தட்டுக்கும் அதே பெயர். 1992இல் மிசிசிப்பியின் மெரிடியன் ஊரைச் சேர்ந்த பீவி நிறுவனம் அவரோடு சேர்ந்து உருவாக்கிய 120 வாட் ஆம்ப்புக்கும் அதே எண் சூட்டப்பட்டது. அடர்ந்து கரகரக்கும் அதன் முறுக்கொலியைக் கடும் உலோக இசைக்குழுக்கள் விரும்பி எடுத்துக்கொண்டன. 2004இல் எடியும் பீவியும் பிரிந்தார்கள். வடிவமைத்த சுற்று பீவியிடம் நின்றது. எண் எடியோடு போயிற்று. ஓர் எண்ணை ஒருவர் தம்மோடு எடுத்துக்கொண்டு போக இயலும் என்பதே வணிகக்குறியின் விந்தை.

பீவி தன் ஆம்ப்புக்கு வைத்த புதுப்பெயர் 6505. நிறுவனம் தொடங்கிய 1965இல் இருந்து 65, நாற்பதாம் ஆண்டான 2005இல் இருந்து 05. விளக்கம் அவ்வளவுதான், ஆனால் ஒலியைக் கவனியுங்கள். பழைய எண்ணை அவர்கள் ஃபிஃப்டி ஒன் ஃபிஃப்டி என்று இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். முதலும் முடிவும் ஒரே சொல், நடுவில் ஒரு தட்டு. புதிய எண்ணை சிக்ஸ்டி ஃபைவ் ஓ ஃபைவ் என்பார்கள். இங்கும் ஒரே சொல் இருமுறை வந்து முடிகிறது. இலக்கங்களை எண்ணிப் பார்த்தாலும், பழையதில் இரண்டு ஐந்து, ஒரு சுழியம், ஓர் ஒன்று. புதியதில் இரண்டு ஐந்து, ஒரு சுழியம், ஓர் ஆறு. நான்கில் ஒன்றே மாறியிருக்கிறது, மற்றவை இடம் பெயர்ந்திருக்கின்றன. சட்டத்தின் காதுக்கு வேறாகவும் வாசிப்பவரின் காதுக்கு உறவாகவும் ஒலிக்கும் பெயர் வேண்டுமென்றால் இதைவிடத் தேர்ந்த ஒன்றைச் சொற்களால் ஆக்கியிருக்க முடியாது.

எடி தம் எண்ணை எடுத்துச் சென்ற வீடு ஃபெண்டர். அவர்களோடு சேர்ந்து தம் பெயரின் முதலெழுத்துகளில் தொடங்கிய வரிசையில் 2007இல் 5150 மூன்று என்னும் ஆம்ப் வந்தது. ஆகவே இன்று கடைத்தட்டில் 6505 என்று எழுதியது பீவியுடையது, 5150 என்று எழுதியது ஃபெண்டர் செய்து தருவது. பழங்கருவிச் சந்தையிலோ 1992க்கும் 2004க்கும் இடையே பீவி செய்து 5150 என்று பொறித்த பெட்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதைத் தேடி வருகிறவர் வெறும் எண்ணைச் சொன்னால் போதாது. எண்ணுக்கு முன்னால் அடைமொழி சேர்த்து, பீவி ஃபிஃப்டி ஒன் ஃபிஃப்டி இருக்கிறதா என்று கேட்கிறார்.